இன்னும் இரையுது

டபுள் பேஸ் பார்த்திருக்கிறீர்களா, கண்ணுகளா? வயலினுக்குப் பெரியப்பா மாதிரி இருக்கும். ஆள் உயரத்தையும் தாண்டி நிற்கும். மடியில் வைத்துக் கொஞ்ச முடியாது, எழுந்து நின்று கட்டிப்பிடித்துத்தான் வாசிக்க வேண்டும். அந்த வீட்டில் அதற்கு யானை என்று பெயர். வைத்தவர் அப்பா. அன்பில் வைத்த பெயர் இல்லை.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்ட வீடு அது. அப்பாவுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. பெரியவள்தான் அவரைத் தூக்கினாள், துடைத்தாள், முதுகு புண்ணாகாமல் வேளைக்கு வேளை திருப்பிப் போட்டாள். சின்னவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குப் போனாள், சாயங்காலம் தோழிகளோடு சுற்றிவிட்டு வந்தாள். அப்பா கண்ணயரும் நேரங்களில் பெரியவள் யானையை அணைத்துக்கொண்டு வாசிப்பாள்.

தொலைதூரத்துப் பெருநகரத்தில் ஓர் இசைக்குழுவில் இடம் காலியானது. வாசித்துக் காட்ட வரச்சொல்லி அவளுக்கு அழைப்பு வந்தது. கிடைத்தால் போய்விடுவாள். போனால் அப்பாவைத் திருப்பிப் போட வேண்டியது சின்னவள். அந்த வீட்டில் மூன்று பேருக்கும் இது தெரியும், ஒருவரும் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அது நடந்தது. "ஏய், செத்துட்டியா? தண்ணி கேட்டு எவ்வளவு நேரம்!" என்று அப்பா கத்தினார். பெரியவள் அவசரமாக வாத்தியத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடினாள். அது வழுக்கி, நிலைக்கதவின் மரத்தில் இடித்து விழுந்தது. தூக்கி நிறுத்திப் பார்த்தபோது பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. வாசித்தபோதுதான் சின்னவள் முகம் சுளித்தாள்.

"அக்கா, கர்ர்ருனு ஒரு சத்தம் கூடவே வருது. உள்ள வண்டு மாட்டிக்கிட்ட மாதிரி."

"எந்த சுரத்துல?"

"இப்ப வாசிச்சியே, அதுல மட்டும்."

இதில் ஒரு சங்கடம் உண்டு. அதை அணைத்து வாசிக்கிறவருக்கு அடிநாதம் எலும்புக்குள்ளேயே இறங்கிவிடும். மேலே ஒட்டிக்கொண்டு வரும் சின்ன இரைச்சல் எதிரே இருப்பவருக்குத்தான் கேட்கும். பெரியவள் போனில் பதிவு செய்து பார்த்தாள். அந்தக் கனத்த நாதத்துக்குப் போனே அதிர்ந்தது. ஆகவே தங்கையின் காதுதான் அவளுக்குக் காது.

தேடுவதற்கு ஒரு முறை இருக்கிறது. ஒருத்தி அந்தச் சுரத்தை மட்டும் வில்லால் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். இன்னொருத்தி வாத்தியத்தின் உடம்பெல்லாம் விரலால் அழுத்திக்கொண்டே போக வேண்டும். எந்த இடத்தை அழுத்தினால் இரைச்சல் நிற்கிறதோ, அங்கேதான் காயம். சின்னவள் அன்று நேர்மையாகத்தான் தேடினாள். கீழ் ஓரத்தில், முன்பலகை பக்கவாட்டு விலாப்பலகையோடு சேரும் இடத்தில் ஒட்டு விட்டு, நகம் நுழையும் அளவுக்கு வாய் திறந்திருந்தது. பெரியவள் பழைய பசையைச் சுரண்டி, புதுப் பசையைச் சூடாகத் தடவி, இறுக்கி முடுக்கி வைத்தாள். நன்றாகக் காய்ந்தபின் வில்லை எடுத்தாள்.

இரைச்சல் இல்லை. நாதம் கழுவிவிட்டதுபோல் வந்தது. சின்னவள் வாயைத் திறந்தாள். போயிடுச்சு என்றுதான் சொல்ல வந்தாள், நம்புங்கள். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டாள். அந்த முகம் ஏற்கெனவே ஊரை விட்டுப் போயிருந்தது.

"இன்னும் இரையுதுக்கா."

பெரியவள் நம்பாமல் பக்கத்து அறையை எட்டிப் பார்த்தாள். "அப்பா, உங்களுக்கும் கேட்குதா?"

அப்பா சின்னவளைப் பார்த்தார். பிறகு விட்டத்தைப் பார்த்தார்.

"கேட்காம? காதுக்குள்ள பூந்து குடையுதே."

அவர்கள் இருவரும் இதைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. தேவைப்படவில்லை.

அதன்பின் பெரியவள் பட்ட பாட்டைச் சொல்லி உங்களை நோகடிக்க எனக்கே மனமில்லை, கொஞ்சம் சொல்கிறேன். கம்பிகளைத் தாங்கும் குதிரையை நகர்த்தினாள். கம்பிகளை மாற்றினாள். திருகாணி ஒவ்வொன்றிலும் துணி சுற்றினாள். வீட்டுச் சாமான்தான் கூட அதிர்கிறதோ என்று சுவரிலிருந்த படங்களைக் கழற்றினாள், கண்ணாடி டம்ளர்களைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். ஒவ்வொரு முறையும் தங்கையை உட்காரவைத்து வாசித்துக் காட்டினாள்.

"இப்ப?"

"இருக்கு."

"கொஞ்சமாவது குறைஞ்சிருக்கா?"

"பொய் சொல்லச் சொல்றியா?"

வாத்தியம் பழுதுபார்ப்பவரிடம் வண்டி வைத்துத் தூக்கிக்கொண்டு போனாள். அவர் கேட்டுவிட்டு, "ஒண்ணும் இல்லம்மா, அருமையா ஒட்டியிருக்கே" என்றார். பெரியவள் அதையும் வந்து சொன்னாள்.

"அவர் கடை எங்க இருக்கு? நடுத்தெருவுல. லாரி போற சத்தத்துல அவருக்கு என்ன கேட்கும்? அந்த ஆள் சொல்றதை நம்பு, கூடப் பொறந்தவளை நம்பாத!"

பெரியவள் கூடப் பிறந்தவளை நம்பினாள்.

கடைசியில் அந்தச் சுரத்தையே தவிர்க்கக் கற்றுக்கொண்டாள். வந்தே தீர வேண்டிய இடங்களில் வில்லை மேலோட்டமாக உரசிவிட்டு அடுத்ததற்குத் தாவினாள். "யானை நொண்டுது" என்று அப்பா சிரித்தார். சின்னவளும் சிரித்தாள். பாவம், பெரியவளும் சேர்ந்து சிரித்தாள்.

அந்த ஓரிரு நாளைக்கு அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளை வைத்துவிட்டுத் தேர்வுக்குப் போனாள். அங்கே நடுவில் திரை கட்டியிருந்தார்கள், வாசிப்பவர் யாரென்று கேட்பவர்களுக்குத் தெரியக்கூடாது என்பதற்காக. அவள் வாசித்து முடித்தபின் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"நல்லாத்தான் வாசிக்கிறீங்க. ஆனா அந்த ஒரு சுரம் வரும்போதெல்லாம் ஏன் பம்முறீங்க?"

"அதுல இரையும். சின்ன அடி பட்டுடுச்சு."

"பரவாயில்ல. அதை மட்டும் முழு வில்லு இழுங்க."

இழுத்தாள்.

"எங்க இரையுது?" என்றது குரல். "உங்களுக்குக் கேட்டுதா?"

"இல்லையே," என்றது இன்னொன்று.

"திரும்ப ஒரு தடவை." அவள் திரும்ப இழுத்தாள். "சுத்தமா இருக்கே. இரையுதுன்னு யாரு சொன்னது?"

"என் தங்கச்சி," என்றாள் பெரியவள். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே கேட்டது. "எங்க அப்பாவும்."

யாரோ செருமினார்கள். "அடிநாதத்துல நிக்கிற ஆள் பயந்தா, மேல இருக்கிற அத்தனை பேரும் ஆடிப் போயிடுவாங்கம்மா. மன்னிச்சுக்குங்க. அடுத்தவரைக் கூப்பிடுங்க."

வீடு வந்து சேர்ந்தபோது கதவைத் திறந்த சின்னவளின் முகத்தில் ஆறுதல் தயாராக இருந்தது. "விடுக்கா, அவங்க கிடக்கிறாங்க" என்பதுவரை உதட்டுக்கு வந்துவிட்டது.

"கிடைச்சிடுச்சு," என்றாள் பெரியவள். "நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க."

சின்னவள் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"நின்னுட்டிருந்தா எப்படி? வா, அப்பாவை எப்படித் திருப்பணும்னு காட்டுறேன்."

தங்கையின் கைகளைப் பிடித்து அப்பாவின் இடுப்புக்கடியில் நுழைத்தாள். "இன்னும் உள்ள விடு. அசிங்கம் பார்க்காத. இப்ப தூக்கு." சின்னவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூக்கினாள். அப்பா வலியில் முனகினார்.

"இரையுதே, எப்படி எடுத்தாங்களாம்?" என்று கேட்டார்.

"அவங்களுக்குக் கேட்கலையாம்பா," என்றாள் பெரியவள், போர்வையைச் சரிசெய்தபடி. அப்பா விட்டத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை யானையை உறையில் இட்டு வாசலுக்குக் கொண்டுவந்தாள். சின்னவள் வழியை மறித்து அழுதாள்.

"அக்கா, இரையவே இல்லக்கா. நீ ஒட்டின அன்னைக்கே நின்னுடுச்சு. என்னால இது முடியாதுக்கா, எனக்குப் பயமா இருக்கு, போகாத."

பெரியவள் முழுவதையும் பொறுமையாகக் கேட்டாள். தங்கையின் கன்னத்தைக்கூடத் துடைத்துவிட்டாள்.

"முதுகைப் பார்த்துக்கோ. திருப்பாம விட்டா புண்ணு வச்சிடும்," என்றாள்.

பிறகு அந்தப் பாரத்தைத் தோளில் சாய்த்து இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள். ரயில் நிலையத்தில் சீட்டுக் கொடுப்பவர் எந்த ஊருக்கு என்று கேட்டார். முதலில் கிளம்புகிற வண்டி எங்கே போகிறது என்று அவள் திருப்பிக் கேட்டாள். அவர் ஏதோ ஒரு பெயரைச் சொன்னார்.

"அங்கதான்," என்றாள்.