ஒன்பதாவது கணு

வையாபுரி ஒரு டால்பின் என்று கடிதம் வந்தது. கூட்டாளி என்பதால் எனக்கு வந்தது.

மூன்று வியாழனுக்கு முன்பு சந்தையில் அவர் முதுகில் ஒரு சின்ன அம்பு பாய்ந்தது. அழிரப்பர் அளவு தோலைப் பெயர்த்துக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போனது. எறும்பு என்றார். அன்றைக்கு அவர் சட்டை போட்டிருக்கவில்லை. வெக்கை என்றார். சந்தை நாளில் இதையெல்லாம் யார் கேட்டுக்கொண்டிருப்பது.

நாங்கள் மாட்டுத் தரகர்கள். முப்பது வருடக் கூட்டு. விற்பவனுக்கு அவர் பேசுவார், வாங்குபவனுக்கு நான். துண்டைப் போட்டு மூடி, அடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலை சொல்வோம். விரலுக்கு ஒரு எண், கணுவுக்கு ஒரு எண். வெளியே துண்டு அசைவது மட்டும் தெரியும். வையாபுரியின் ஆட்காட்டி விரலில் ஒன்பது கணு. கயிறு பிடித்துக் காய்த்தது என்பார். மற்ற தரகர்களால் சொல்ல முடியாத விலையெல்லாம் எங்களால் சொல்ல முடிந்தது. அதனால் நான் மேற்கொண்டு விசாரிக்கவில்லை.

கடிதத்தில் இப்படி இருந்தது: 'மேற்படியார் இனம் தரையை விட்டுப் பிரிந்து ஐந்து கோடி வருடம் ஆகிறது. ஆட்சேபணை இல்லையெனில் வெள்ளிக்கிழமை லாரியில் கடலுக்கு அனுப்பப்படுவார்.'

வையாபுரி படித்துவிட்டு அழகாக மடித்துக் கொடுத்தார்.

"போயிப் பேசீட்டு வா மாப்ள. உன்னைய மாதிரிப் பேச ஆரு இருக்கறா?"

"நீயும் வா."

"எனக்கு வேற சோலி இருக்குது."

கடிதம் அனுப்பிய அலுவலகம் சந்தைக்கு மேல்மாடியில் இருந்தது. நான் நடக்க நடக்கத் தாழ்வாரம் நீண்டது. போதும் என்று திரும்பிப் போவது போல் காட்டினேன். பாதியாகக் குறைந்தது. பேரத்துக்கு மசிகிற இடம்தான் என்று தெம்பு வந்தது.

அதிகாரி தூத்துக்குடிப் பக்கத்து அம்மாள். மேசைப் பலகையில் அமலோற்பவம் என்று எழுதியிருந்தது. பின்சுவரில் ஒரு கடிகாரம் ஐந்து கோடியில் நின்றது.

"அவருக்கு நீங்க என்ன வேணும் அண்ணாச்சி? ரத்தமா?"

"டீங்க."

"டீயா?"

"ஒரே கடை. தினம் நாலு வேளை. முப்பது வருசம்."

எழுதிக்கொண்டார். பிறகு, அம்பு கொண்டுபோன தோலைச் சோதித்த அறிக்கையை வாசித்தார்.

"மோப்பத்துக்கு உள்ள மரபணு செத்துப்போச்சு. இனிப்பு அறியற மரபணுவும் செத்துப்போச்சு."

"இனிப்பு தெரியுமுங்க. டீக்கு மூணு கரண்டி சர்க்கரை போடுவாரு."

"தெரியாது. உப்பு மட்டுந்தான் தெரியும்."

பொங்கல்தோறும் என் மனைவி சரஸா வெல்லப்பாகில் கச்சாயம் சுடுவாள். வையாபுரி பதினொன்று தின்பார். பதினொன்றாவதை உயர்த்திப் பிடித்து, "அருமைங்க. பாகுன்னா இது பாகு" என்பார். சரஸா அவருக்கு மட்டும் தனித் தூக்குவாளியில் போட்டு வைப்பாள்.

"அப்புறம், மாடெல்லாம் அவருக்குத் தூரத்துச் சொந்தம். சொந்தக்காரங்களையே வித்திருக்காரு" என்றார் அமலோற்பவம்.

"நல்ல விலைக்குத்தானுங்க."

அவர் தலையசைத்தார்.

"அஞ்சு கோடின்னு எப்படிங்க சொல்றீங்க?"

"மரபணுவில எத்தனை எழுத்து மாறியிருக்குன்னு எண்ணி, பிரிஞ்ச காலத்தைக் கணிக்கோம். கூடக்குறைய வரும்."

"கூடக்குறைய வருமுன்னா பேசலாமுங்க."

யோசித்தார். "முப்பது வருசத்துக்குக் கொண்டுவந்துட்டியள்னா, உங்ககிட்ட வந்த பிறகுதான் அவரு பிரிஞ்சாருன்னு ஆகும். உங்க ஆளுன்னு எழுதிருவேன். ஆனா நான் பேசக்கூடாது. பேசுத ஆளு உள்ள இருக்கு."

பக்கத்துச் சுவரில் கை நுழையும் அளவு ஒரு பொந்து. என் துண்டை வாங்கி அதன்மேல் தொங்கவிட்டார். கையை விட்டேன். உள்ளிருந்து ஒரு கை வந்தது. ஈரமாக இருந்தது.

அது ஐந்து கோடி என்றது. நான் பத்து வருடம் என்றேன். கை குலுங்கியது; சிரிக்கிறது. மூன்று கோடிக்கு வந்தது. நான் பன்னிரண்டுக்கு ஏறினேன். ஒரு கோடி. லட்சம். முறை தெரிந்த கை. நானும் இருபது, இருபத்தைந்து என்று ஏறினேன். சுவர்க் கடிகாரத்தின் முள் பின்னோக்கி ஓடியது. ஆயிரம். நூறு. நாற்பது. அமலோற்பவம் பேனா மூடியைத் திறந்தார்.

முப்பத்தொன்றில் நின்றது.

நான் முப்பது என்றேன். முப்பத்தொன்று. மறுபடி முப்பது. மறுபடி முப்பத்தொன்று. ஐந்து கோடியை விட்டுக்கொடுத்தவன் ஒன்றில் நிற்கிறான் என்றால் அவன் பேரத்துக்கு வந்தவன் இல்லை.

ஆட்காட்டி விரலைத் தடவிப் பார்த்தேன். மூன்று கணு. நான்கு. ஒன்பது வரை போனது. இந்தக் கை நிஜமாகவே எனக்கு எதிராகப் பேசி நான் பார்த்ததே இல்லை. அதனால்தான் இவ்வளவு நேரம் தெரியவில்லை. அம்பு பாய்ந்த அன்றைக்கு அவர் சட்டை போடாமல் நின்றது நினைவுக்கு வந்தது.

"மாப்ள" என்றேன் பொந்தைப் பார்த்து.

உள்ளே யாரோ உச்சந்தலை வழியாக மூச்சு விட்டார்கள்.

"முப்பத்தொண்ணு" என்றார் வையாபுரி.

"அப்ப எங்கிட்ட வரும்போதே நீ போயிட்டவனா?"

விரல் மறுபடி முப்பத்தொன்றை அழுத்தியது.

"ஒரு வருசம். விட்டுக்குடுக்கக் கூடாதா?"

"கடேசி ஒண்ண மட்டும் விடாதேன்னு நீதான சொல்லிக்குடுத்த."

"கச்சாயம்?"



"ஓரம் மொறுமொறுன்னு இருக்கும்" என்றார்.

பேரம் முடிந்தால் வாங்குபவன்தான் முதலில் கையை உருவ வேண்டும். நான் உருவவில்லை. அவர் உருவிக்கொண்டார்.

அமலோற்பவம் முப்பத்தொன்று என்று எழுதி முத்திரை குத்தினார். துண்டைத் திருப்பிக் கொடுத்தார். பிழிந்து தோளில் போட்டுக்கொண்டேன். போகும்போது தாழ்வாரம் எதற்கும் மசியவில்லை. முழு நீளமும் நடந்தேன்.

கீழே டீக்கடையில் வழக்கம்போல் இரண்டு கிளாஸ் வைத்தார்கள். மூன்று கரண்டி சர்க்கரை போட்டதை எடுத்துக் குடித்தேன்.

"சக்கர போதுங்களா?" என்றார் கடைக்காரர்.

நாக்கில் ஒன்றும் தெரியவில்லை.

"அருமைங்க" என்றேன்.