வடக்கே தலைமாடு வைத்த ஏழாம் கட்டில்

நாமக்கல் ஆஞ்சநேயர் அறியச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூட என் சொந்தச் சரக்கு இல்லை. காலில் கட்டோடு எட்டாம் கட்டிலில் படுத்துக்கொண்டு கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும்தான். கட்டோடு கிடப்பவன் பொய்யைத் தேடி எங்கே போவான்?

கொல்லிமலை அடிவாரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே ஆண்கள் வார்டில் என் பக்கத்துக் கட்டில் ஏழு. தூண் ஒன்று குறுக்கே நின்றதால் அதற்கு மட்டும் தலைமாடு வடக்கே. வடக்கே தலைவைத்துப் படுக்க எங்கள் பக்கத்து ஆள் யார் ஒப்புவார்? ஏழில் சேர்க்கப்படுபவர், நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியதும் வேறு யாரையாவது கெஞ்சிக் கட்டிலை மாற்றிக்கொள்வார். நர்ஸுகளோ ஆளை நம்பரால்தான் அறிவார்கள். ஏழுக்கு ஊசி, மூன்றுக்குக் கஞ்சி.

சர்க்கரை நோய்க்காக வந்த சின்னண்ணன் ஏழில் சேர்ந்தார். நேராக மூன்றாம் கட்டில் தங்கசாமியிடம் போய்க் கெஞ்சினார். தங்கசாமி போர்வெல் வண்டியில் வேலை பார்த்தவர், காய்ச்சலுக்காக வந்திருந்தார்.

"எனக்கு மேலயுங் கீழயுந்தானுங்க தெரியும். வடக்கு தெக்கெல்லாம் டிரைவர் பாடு," என்று தலையணையைத் தூக்கிக்கொண்டு ஏழுக்கு வந்துவிட்டார்.

மதியம் நர்ஸ் சண்முகப்பிரியா ஏழாம் நம்பருக்கான இன்சுலினோடு வந்தாள். காய்ச்சல் ஊசி என்று நினைத்துத் தங்கசாமி கையை நீட்டினார். சர்க்கரையே இல்லாத உடம்பு. அதற்கப்புறம் தூங்கியவர் எழவில்லை.

ஆஸ்பத்திரியின் தரக்குழுத் தலைவர் டாக்டர் குமரகுரு விசாரிக்க வந்தார். நர்ஸின் கவனக்குறைவு என்று முடித்து, அவளை வேலையை விட்டு அனுப்புவதாகப் பேச்சு. அனுப்பினால் வேறெந்த ஆஸ்பத்திரியும் அவளைச் சேர்க்காது. அழுது வீங்கிய கண்ணோடு நின்றாள்.

"இவளை அனுப்பிட்டாக் கட்டில் தானா தெக்கே திரும்பிக்குமாக்கும்," என்றாள் எனக்குத் துணைக்கு வந்திருந்த என் மனைவி சௌந்திரம், டாக்டருக்குக் கேட்கட்டும் என்றே.

"அன்னைக்கு எப்படிக் கூப்பிட்டீங்க? செஞ்சு காட்டுங்க," என்றார் டாக்டர்.

சண்முகப்பிரியா காலிக் கட்டிலைப் பார்த்து, "ஏழாம் நம்பர்," என்றாள்.

"அது நானில்லீங்க," என்றது கட்டில்.

பட்டப்பகல். வெளுத்து விரித்த தலையணை நடுவில் ஒரு தலை அளவுக்குக் குழிந்திருந்தது. குழியில் போர்வெல் போடும்போது பறக்குமே, அந்த வெள்ளைக் கல்மாவு. டாக்டர் அல்லவா, நாடி பார்க்கக் கை தானாகப் போயிற்று. எதைத் தொட்டாரோ, விரல்கள் வெளிறிப்போயின.

"நீங்க ஆருங்க?" என்றார் மெல்ல.

"தங்கசாமிங்க."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்லைங்களா?"

"கேட்டாச் சொல்லியிருப்பனுங்க. ஆருமே எம் பேரைக் கேக்கலீங்க."

டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்தார். 

"ஆரு செஞ்சதுன்னு தேடுனது போதும். இது நடக்க நாம எப்படி விட்டோம்னு பாக்கலாம்," என்றார் கடைசியில். பிறகு சண்முகப்பிரியாவைப் பார்த்து, "நீங்க எங்கயும் போக வேண்டாம், அம்மிணி. வேலையப் பாருங்க."

அன்றே தூணைச் சுற்றி ஏழாம் கட்டிலைத் திருப்பிப் போட்டார்கள். பெயரை நோயாளி வாயால் கேட்காமல் ஊசியோ மாத்திரையோ கூடாது என்று ஏற்பாடாயிற்று.

"பொண்ணு பாக்க வந்தவிய மாதிரி வேளா வேளைக்குப் பேரு கேக்கறாங்க," என்று சௌந்திரம் நொடித்துக்கொண்டாள். மூன்றில் கிடந்த சின்னண்ணன் மட்டும் தன் பெயரைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்க்க மாட்டார்.

சண்முகப்பிரியா ஒவ்வொரு கட்டிலாக வருவாள். ஏழு காலிதான். ஆனாலும் நிற்பாள்.

"உங்க பேருங்க?"

"தங்கசாமிங்க."

அதைக் கேட்ட பிறகுதான் எட்டாம் கட்டிலுக்கு, என் ஊசியோடு வருவாள்.