லட்சுமணன் வீட்டு வாசலில் இரண்டு வண்டிகள்

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது நாளும் கம்பெனி வண்டி வரவில்லை. செங்கல்பட்டு வீட்டு வாசலில் காத்து நின்ற ஜெயப்பிரியாவிடம் அப்பா மோகன் குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நாளைக்கும் வரலேன்னா வேலைய வுட்டுடு. வூட்டாண்ட வந்து கூட்டினு போவாங்கன்னுதானே ஒத்துக்கினேன்."

பஸ் மாறிச் சிறுசேரி ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்தவள் நேராக பத்ரியைப் பிடித்தாள். யார் வீட்டுக்கு எந்த வண்டி என்று தினமும் பட்டியல் போடும் ஸ்கிரிப்டை பெர்ல் என்ற கம்ப்யூட்டர் மொழியில் அவன்தான் எழுதியிருந்தான். அது பிசகாமல் ஓடுகிறது, டிரைவரைக் கேள் என்று கைகழுவினான்.

பக்கத்து சீட் லட்சுமணன் திரும்பினார். மாமல்லபுரத்துக்காரர், அவளுக்கு முன்னால் கடைசியாக வேலையில் சேர்ந்தவர்.

"உன் வண்டியா அது? ரெண்டு நாளா எங்க வூட்டாண்ட ரெண்டு வண்டி வந்து நிக்குதும்மா. பொண்ணு பாக்க வந்துகீறாங்களான்னு எதிர்வூட்டுக்காரன் கேக்கறான்."

ஜெயப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. பத்ரியைக் கெஞ்சி ஸ்கிரிப்டை வாங்கினாள். அவன் பெயரைத் தட்டினாள்: நாவலூர். சரி. தன் பெயர்: மாமல்லபுரம். யோசித்துவிட்டு, ஆபீசிலேயே இல்லாத பெயராக 'கும்பகர்ணன்' என்று தட்டினாள். கும்பகர்ணனுக்கும் லட்சுமணன் வீட்டு வாசலுக்கே வண்டி போட்டது.

புரிந்துவிட்டது. ஸ்கிரிப்ட் ஒரு அர்ரேயில், அதாவது வரிசையில், பெயரைத் தேடும். கிடைத்த இடத்தின் எண்ணை வைத்து இன்னொரு அர்ரேயிலிருந்து முகவரியை எடுக்கும். பெயர் கிடைக்காவிட்டால் எண் மைனஸ் ஒன்று. பெர்லுக்கோ மைனஸ் ஒன்று என்றால் வரிசையின் கடைசி ஆள். அவள் பெயரையும் முகவரியையும் இன்னும் யாருமே அதில் ஏற்றவில்லை. ஸ்கிரிப்ட் அதைச் சொல்லாமல், கடைசி வீட்டைக் கைகாட்டிவிட்டு நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தது.

பத்ரி கடிகாரத்தைப் பார்த்தான். பட்டியல் டிரைவர்களிடம் போகும் நேரம். "உன் பேரை மட்டும் சேர்த்துடு. மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்."

சேர்த்தால் போதும், அவள் வேலை போகாது. ஆனால் இனி கடைசி ஆள் அவள்தான். புதிதாகச் சேரும் எவளோ ஒருத்தி தன் வாசலில் காத்து நிற்பாள். அவள் வண்டி செங்கல்பட்டில் ஹாரன் அடிக்கும்.

பெயர் இல்லையென்றால், இல்லாத பெயர்களையெல்லாம் காட்டிவிட்டு நிற்கும்படி முதலில் ஒரு வரி எழுதினாள். ஓட்டினாள். ஸ்கிரிப்ட் நின்றது. திரையில் அவள் பெயரோடு இன்னும் இரண்டு பெயர்கள், நாளை சேரப்போகிறவர்கள். பத்ரி முகவரிகளை வாங்கிவர எழுந்து போனான்.

மறுநாள் காலை வாசலில் ஹாரன். மோகன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"சாயங்காலமும் இதே வண்டிதானா?"

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் முடிந்திருக்கும்.

"தெரியலப்பா. கேட்டுட்டு போன் பண்றேன்" என்று ஏறி உட்கார்ந்தாள்.