வச்சலாவின் பங்கு

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, மாமல்லபுரம் கடற்கரையில், வச்சலாவின் இரண்டு கைகளிலும் ஒரு முழ நீளத்துக்கு ஒரு மீன் வந்து உட்கார்ந்தது. பத்தொன்பது வருஷ வாழ்க்கையில் அவள் தொட்ட முதல் மீன். அதற்குப் பேர் வஞ்சிரம் என்பதுகூட அவளுக்குத் தெரியாது. செத்த பிறகும் அது கண்ணை மூடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. 

எல்லாம் கங்காதரன் மாஸ்டரும் சொர்ணம் டீச்சரும் போட்ட சண்டையால் வந்த வினை. செங்கல்பட்டில் அந்த எழுபத்தேழாம் வருஷம் பெண்கள் கிரிக்கெட் பயிற்சிக்கென்று அவர்களிடம் பன்னிரண்டு பேர் சேர்ந்திருந்தார்கள். மூன்று மாதத்தில் மெட்ராஸில் பந்தயம். யார் எறிந்தாலும் பந்து பாதி வழியில் களைத்துப் படுத்துவிடும். கடலில் விரித்த கரைவலையைக் கரையிலிருந்து கயிறு பிடித்து இழுத்தால் தோள் இரும்பாகும் என்றார் மாஸ்டர். திருக்கழுக்குன்றத்து மலைப்படி ஐந்நூற்றுச் சொச்சமும் தினம் ஏறினால் தொடையில் பலம் வரும், எறிகிற பலம் காலிலிருந்துதான் கிளம்புகிறது என்றார் டீச்சர். இரண்டு பேரும் வாதாடியதில் மைதானத்துக் காக்கைகள் மூன்று நாள் ஊரிலேயே தட்டுப்படவில்லை. கடைசியில் சீட்டுப் போட்டு ஆறு பேர் மலைக்கு, ஆறு பேர் வலைக்கு என்று பிரித்தார்கள். ஆறு வாரம் கழித்து எறிந்து பார்ப்பது. ஜெயித்த முறைதான் எல்லோருக்கும் பயிற்சி.

தூரத்தை அளக்க நடுநிலையான ஆள் வேண்டுமே. சர்வேயர் தேசிகனைப் பிடித்தார்கள். பிட்ச் நீளம் இருபத்திரண்டு கஜம், சரியாக ஒரு சர்வே சங்கிலி என்று தெரிந்த நாளிலிருந்து அவருக்குக் கிரிக்கெட் மேல் ஒரு மரியாதை. மகளை விளையாட விட்டதே அதனால்தான்.

மகள்தான் வச்சலா. சீட்டில் அவளுக்கு வலை விழுந்தது. மாஸ்டர் தேசிகனிடம், பெண்கள் கடற்கரை மணலில் ஓடுகிறார்கள் என்று மட்டும் சொல்லிவைத்தார். மீன் வலையைத் தொடுகிறாள் என்று தெரிந்தால் அப்பா ஒரே வார்த்தையில் கிரிக்கெட்டை முடித்துவிடுவார். வெங்காயம் வாங்கிய பையைக்கூட வாசலிலேயே உதறச் சொல்கிற வீடு.

கயிறு இழுக்கப் போன முதல் நாளே குப்பத்துக்காரர்கள் ஒரு வழக்கத்தைச் சொல்லிவிட்டார்கள். கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு. ஐந்து வாரமும் அவள் பங்கைக் கூட்டாளி ரத்னா வாங்கிக்கொண்டு போனாள். ரத்னா வீட்டில் சனி ஞாயிறு குழம்பு மணத்தது. மத்தியானம் எறிந்து பார்க்கப் போகிறார்கள் என்று, இன்றைக்குப் பார்த்து ரத்னாவும் மற்ற நாலு பேரும் முதல் பஸ்ஸுக்கே ஓடிவிட்டார்கள்.

வேண்டாம் என்று வச்சலா முனகியதும் வலைத் தலைவர் கண்ணாயிரத்தின் முகம் மாறியது.

"இன்னாம்மா, கயிறு புடிச்சே இல்ல? புடிச்ச கைக்குப் பங்கு. வாணாம்னுட்டுப் போனா வலைக்கு இன்னா மரியாத கீது? அப்பால ஒரு பொண்ணும் இங்க கயிறத் தொட வாணாம்."

ஆறு பேரின் பயிற்சியும் அந்த மீனின் வாலில் தொங்கியது. வச்சலா பனையோலையில் சுற்றி, அதை ஒரு துண்டில் சுற்றி, கான்வாஸ் பையின் அடியில் திணித்தாள். வழியில் யாரிடமாவது தள்ளிவிடலாம் என்று நினைத்தாள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் அப்பாவுக்கு நிலம் அளந்த வகையில் தெரிந்தவர்கள்.

அந்தப் பஸ் பயணத்தை அவள் ஜென்மத்துக்கும் மறக்கப்போவதில்லை. மணம் முதலில் மடியில் உட்கார்ந்தது, பிறகு டிரைவர் பக்கம் போய் எட்டிப்பார்த்தது. கண்டக்டர் மூக்கை உயர்த்தி, யாருப்பா கூடையை உள்ளே ஏற்றினது என்று நாலு தடவை கேட்டார். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய ஒரு மாமி அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு நிமிஷத்தில் எழுந்து, செங்கல்பட்டு வரை நின்றுகொண்டே வந்தாள். வச்சலா ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த பாசுரத்தையெல்லாம் சொல்லிப்பார்த்தாள். எதுவும் பாதியைத் தாண்டவில்லை.

பஸ் ஸ்டாண்டில் ஒரு நாய் பின்னால் வந்தது. கடைத்தெருவில் நாலு. மைதானத்துக்கு அவள் வந்து சேர்ந்தபோது தாலுகாவின் மொத்த நாய்களும் பேரணி வருவதாக அவளுக்குத் தோன்றியது. கல்லெறிந்து விரட்டிவிட்டு, வேப்பமரத்தடியில் மற்ற பைகளுக்கு நடுவே தன் பையைச் சொருகினாள். நிமிர்ந்தால், மரத்திலிருந்து பத்தடியில் அப்பா. வெயிலுக்குக் குடை, காலடியில் சங்கிலி, மடியில் நோட்டு.

"ஏன்டி வேர்த்துக் கொட்றது? ஓடிண்டா வந்தே?"

வச்சலா தலையை மட்டும் ஆட்டினாள்.

மைதானத்தின் மறுகோடியிலிருந்து மரத்தை நோக்கி எறிய வேண்டும். மலைக்கட்சி முதலில் எறிந்தது. அவர்களில் சிறந்தது இரண்டு சங்கிலி, அறுபது கண்ணி; சங்கிலிக்கு நூறு கண்ணி. சொர்ணம் டீச்சர் ஒரு சுற்று பெருத்தார். வலைக்கட்சியில் ஐந்து பேர் எறிந்தும் அதைத் தொடவில்லை. ரத்னாவுக்கு நாலு கண்ணி குறைந்தது. மாஸ்டர் கடைசியாக வச்சலாவைப் பார்த்தார். அவள் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் பார்த்தது ஒரு செவலை நாயை. அது வேலி இடுக்கில் நுழைந்து, மற்ற பதினோரு பைகளையும் ஒரு அதிகாரி மாதிரி முகர்ந்து ஒதுக்கிவிட்டு, அவள் பையின் வாரைக் கவ்வியது. கவ்வியதோடு நிற்காமல் இழுத்தது. இழுத்த திசையில் அப்பா, நோட்டில் எதையோ எழுதியபடி குனிந்திருந்தார்.

வச்சலாவுக்குக் காது அடைத்தது. ரத்தம் முழுவதும் பாதத்துக்கு இறங்கி, அங்கிருந்து ஒரே மூச்சில் தோளுக்கு ஏறியது. கையில் பந்து இருந்தது. எறிந்தாள்.

பந்து போன வேகத்தில் காற்றே கிழிந்துவிட்டது என்று பிற்பாடு ரத்னா சத்தியம் செய்தாள். அது நாயின் மூக்குக்கு நாலு விரல் முன்னால் தரையில் குத்தியது. நாய் வாரை விட்டுவிட்டு ஓடியது. போகிற போக்கில் பல் பட்ட துணி கிழிந்தது. துண்டு அவிழ்ந்தது. ஓலை விலகி, வஞ்சிரத்தின் தலை தேசிகனின் செருப்பருகே எட்டிப்பார்த்தது.

வச்சலா மைதானத்தைக் கடந்து வந்தாள். கால் எப்படி நடந்தது என்று தெரியவில்லை. பக்கத்தில் வந்தபோது அப்பா இன்னும் மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரோடது இது?"

ரத்னா வாயைத் திறக்கப் போனாள். என்னுடையது என்று சொல்லப்போகிறாள் என்பது வச்சலாவுக்குப் புரிந்தது. சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். அடுத்த வாரமும் இதே பஸ், இதே நாய், இதே பயம். 

"என்னோடதுப்பா. ஆறு வாரமா வலை இழுக்கறேன். இழுத்தவாளுக்குப் பங்கு. இது என் பங்கு."

 கங்காதரன் மாஸ்டர் தன் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, ஊதவும் முடியாமல் எடுக்கவும் முடியாமல் நின்றார்.

தேசிகன் நேராகப் பந்து விழுந்த பள்ளத்துக்குப் போனார். முளை அடித்தார். சங்கிலியின் மறுமுனையை மகளிடம் நீட்டி, எறிந்த இடத்துக்கு நடக்கச் சொன்னார். அளந்தார்கள். இன்னொரு தடவை அளந்தார்கள்.

"மூணு சங்கிலி, நாலு கண்ணி" என்று உரக்கப் படித்தார்.

சொர்ணம் டீச்சர் குறுக்கே வந்தார். இது பயிற்சியில் எறிந்ததில்லை, பயத்தில் எறிந்தது. கணக்கில் சேர்க்கக் கூடாது. மாஸ்டர் விசிலைத் துப்பிவிட்டு, பயம் எல்லோருக்கும்தான் வரும், தோள் எங்கிருந்து வந்தது என்று பாய்ந்தார். டீச்சர் விடவில்லை, அப்படியானால் மலைக்கட்சிக்கும் ஆளுக்கொரு நாய் வேண்டும் என்றார்.

"சங்கிலிக்குப் பயமும் தெரியாது, பயிற்சியும் தெரியாது, டீச்சர்" என்றபடி தேசிகன் வலைக்கட்சியின் பத்தியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பிறகு குடையின் நுனியால் மீனைத் துண்டுக்குள் தள்ளி, ரத்னாவிடம் எடுத்துப் போகச் சொன்னார். வச்சலா அவர் வாயைப் பார்த்தபடியே நின்றாள்.

"அடுத்த வாரம் போவேளோன்னோ?"

"போகலாமாப்பா?"

"பன்னிரண்டு பேரும் போகணும்னு ஆயிடுத்தே. நீ போகாம?" அவர் சங்கிலியை மடிக்கத் தொடங்கினார். கண்ணிகள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. 

"பையை இங்கேயே எரிச்சுட்டு வா. குளத்துல முழுக்குப் போடு. மெதுவா வா" என்றார் தேசிகன். "உங்கம்மாகிட்ட இத எப்படிச் சொல்றதுன்னு எனக்குக் கொஞ்சம் யோசிக்கணும்."