உயிரோடு நடக்க ஒரு வழி

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கி, நாகமலையின் நீண்ட முதுகு இருளிலிருந்து மெல்லப் பிரிந்து தோன்றும் விடியற்பொழுதில், மதுரை நகர் துயில் எழுவதில்லை, துயின்றால்தானே எழுவதற்கு! வையையின் வறண்ட மணற்பரப்பை நடுவில் வைத்து இருகரையிலும் விளக்குகள் ஒளிர, மல்லிகை மூட்டைகளைச் சுமந்த வண்டிகள் சந்தையை நோக்கி விரைய, தேநீர்க் கடைகளில் பால் பொங்கி மணக்க, கோயிலுக்குப் போவோரும் கோயிலிலிருந்து வருவோரும் ஒருவர் தோளை ஒருவர் உரசிக்கொண்டு நடக்க, அந்நகர் முந்தைய நாளை அப்படியே தொடர்ந்துகொண்டிருக்கும். அதே பொழுதில், மலைக்கு மேற்கே விரிந்து கிடக்கும் வயல்வெளியில், கண்மாய் நீர் அசையாது கிடக்க, நாற்றங்காலில் கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்க, ஈரமண் மணத்தைச் சுமந்த காற்று வரப்புகளின்மேல் தவழ, ஆவாரங்கண்மாய் என்னும் சிற்றூர் அடுப்புப் புகையோடு கண்விழிக்கும். நகரிலிருந்து அவ்வூருக்குப் பேருந்தில் ஒருமணி நேர வழிதான்.

இனியோரே, நகரில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சிற்றூரின் குயிலோசையையும் குளத்துத் தாமரையையும் உருகி உருகி எழுதுவோர் பலருண்டு. எழுதட்டும்; எனக்கென்ன? ஆயினும், அந்தக் குளத்தில் எவர் எந்தத் துறையில் இறங்கலாம், எவர் இறங்கலாகாது என்பதையும் அவர்கள் ஒருவரி எழுதி வைத்திருந்தால், நான் இந்தக் கதையைச் சொல்லவேண்டிய தேவையே இருந்திராது. சற்றே எரிச்சலோடு தொடங்குகிறேன், பொறுத்தருள்க. முடிக்கும்போது எரிச்சல் இராது.

சிம்மக்கல்லுக்கு அருகில், ஒரு சந்தின் முனையில் இட்டலி அவித்து விற்றவள் மலையம்மாள். அவள் கணவர் சின்னக்கருப்பன், மழையென்றும் புயலென்றும் பாராது கம்பம் ஏறி, கம்பி இழுத்து, நகரின் தெருக்களுக்கெல்லாம் ஒளியூட்டித் தலைநரைத்து ஓய்வு பெற்ற மின்வாரியப் பணியாளர். பிள்ளைகள் இருவரும் மணம் முடித்துத் தொலைவூர்களில் வாழ்ந்தனர். ஆவாரங்கண்மாய் சின்னக்கருப்பன் பிறந்த ஊர். அங்கே மேலத்தெரு நிலமுடையோரின் தெரு. கீழத்தெரு, அந்நிலத்தில் வழிவழியாகக் கூலிக்கு உழைத்தோரின் தெரு. பேருந்து நிற்குமிடத்திலிருந்து கீழத்தெருவுக்குச் செல்வோர் மேலத்தெருவைக் கடந்தே ஆகவேண்டும்.

மணக்கோலத்தில் மலையம்மாள் அவ்வூரில் முதன்முதலாகக் கால்வைத்த நாளை நான் சொல்லாமல் விட முடியாது. திருமணத்துக்கென்று வாங்கிய புதுச்செருப்பு அடிக்கு அடி கீச்சிட, அவ்வோசைக்குத் தானே நாணித் தலைகுனிந்து நடந்து வந்தாள். மேலத்தெரு முக்கு வந்ததும், உடன்வந்த பெண்கள் ஒருவரும் வாய்திறவாது குனிந்து, தத்தம் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டனர். ஒருத்தி அவள் காதருகே வந்து, கழற்றிவிடு என்று முணுமுணுத்தாள். சித்திரை வெயிலில் மண் கொதித்தது; ஆனால் அவளைச் சுட்டது மண்ணன்று. முன்னே நடந்த மாப்பிள்ளை, மாலையும் கழுத்துமாக, தன் செருப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்ததை அவள் கண்டாள். அந்தக் காட்சி அவள் நெஞ்சில் தைத்தது. பின்னர் அதை எவராலும் பிடுங்க முடியவில்லை. அவ்வாண்டே, பணி கிடைத்த கணவரோடு மதுரைக்கு வந்துவிட்டாள்.

நகரம் ஒன்றும் வானுலகம் அன்று. வாடகைக்கு வீடு தேடிய நாளில், ஊரெது உறவெது என்று சுற்றிவளைத்துக் கேட்டுவிட்டு, வேறொருவருக்குப் பேசியாயிற்று என்று கதவடைத்தோர் அங்கும் உண்டு. சாக்கடை நாற்றமும் கொசுக்கடியும் கொள்ளை கொள்ளையாய் உண்டு. ஆனால் ஒருவழியாக வீடு கிடைத்து, கடையும் போட்ட பின், அவள் கையால் அவித்த இட்டலியை வழக்கறிஞர் உண்டார், பூக்காரி உண்டாள், கோயிலுக்கு வந்த வெளியூரார் உண்டனர். எந்தத் தெரு என்று ஒருவரும் கேட்டதில்லை. இன்னுங் கொஞ்சம் சட்டினி என்றுதான் கேட்டனர். கடையைக் கட்டிய மாலைகளில், ஒரு வேலையும் இல்லாமலே செருப்பைப் போட்டுக்கொண்டு மாசி வீதிகளைச் சுற்றி வருவாள். கால் வலிக்கும். வலித்தால் வலிக்கட்டுமே! அந்த நடைதான் அவளுக்குத் திருவிழா.

சின்னக்கருப்பன் நெஞ்சில் தைத்த முள் வேறு. அவருடைய தாய் ஆவாரங்கண்மாயில் இறந்தபோது அடைமழை. இடுகாட்டுக்குச் செல்லும் நல்ல பாதை மேலத்தெரு வழியே சென்றது. அவ்வழியே கீழத்தெருப் பாடை போகலாகாது என்பது அந்நாளைய கட்டு. ஆகவே, வெள்ளைத்துரை என்பவர் வீட்டாரின் வயலுக்குள் இறங்கி, முழங்கால் சேற்றில் வழுக்கி வழுக்கிச் சுமந்தனர். ஓரிடத்தில் சுமந்தவர் ஒருவரின் கால் இடற, பாடை சாய்ந்து, தாயின் கால்கள் சேற்றில் தோய்ந்தன. மகன் தன் துண்டால் அக்கால்களைத் துடைத்தார். துடைக்கத் துடைக்கச் சேறு தெறித்தது. இந்த மண்ணை ஒருநாள் வாங்காமல் சாவதில்லை என்று அவர் அப்போது தமக்குள் உறுதி பூண்டார்.

காலம் செய்த விளையாட்டைப் பாருங்கள். நிலமுடைய வெள்ளைத்துரைக்கோ சிற்றூர் கசந்துவிட்டது. வயல்வேலைக்கு ஆளில்லை, மாலையானால் பேச்சுத்துணைக்கும் ஆளில்லை என்று சலித்துப்போய், மதுரையில் மகனுடைய அடுக்ககத்தில் குடியிருப்பதே நலமென்று வயல்களை விற்கலானார். சின்னக்கருப்பன் ஓய்வு பெற்ற கையோடு, தாயின் கால் தோய்ந்த, நீண்டு ஒடுங்கிய அந்த வயலையே கேட்டு வாங்கினார். அதன் ஒருமுனை இடுகாட்டைத் தொட்டது. நடுப்பகுதி கீழத்தெருவை ஒட்டியது. மறுமுனை ஓர் ஆழமான வாய்க்காலில் முடிந்தது. வாய்க்காலுக்கு அப்பால் தார்ச்சாலை ஓடிற்று. வாங்கிய அன்று அவர் முகத்தில் கண்ட மலர்ச்சியை மலையம்மாள் தன் திருமண நாளிலும் கண்டதில்லை.

"இனிமே நம்ம தெருச் சாவு நம்ம மண்ணு வழியாப் போகும், புள்ள. ஒருத்தன் குறுக்க நிக்க முடியாது," என்றார் அவர். "அங்கனயே வீடு ஒண்ணு கட்டுவோம். கடைசிக் காலத்துல போயிருவோம்."

மலையம்மாள் மாவு படிந்த கையைக் கழுவிவிட்டு வந்து எதிரில் அமர்ந்தாள்.

"நீங்க செத்தவுகளுக்கு வழி வாங்கியிருக்கீக. எனக்கு உசுரோட நடக்க வழி வேணும்."

"இப்பல்லாம் யாரு கழட்டச் சொல்றா? அதெல்லாம் மாறிப்போச்சு."

"யாரும் சொல்றதில்லதான். அந்த முக்கு வந்ததும் எங் காலு தானா நின்னுருது. அதுக்கு நான் என்ன செய்யட்டும்?"

மாப்பிள்ளையாய் நடந்த நாளில் தம் கக்கத்தில் இருந்த செருப்பை அவளும் பார்த்திருந்தாள் என்பது, இத்தனை ஆண்டு கழித்து அன்றுதான் சின்னக்கருப்பனுக்குத் தைத்தது. எழுந்து வெளியே போய்விட்டார்.

இருவரும் சினந்து பிரிந்தனர் என்று எண்ணிவிடாதீர்கள். அவர் தம் மண்ணில் ஓர் எளிய வீட்டைக் கட்டிக்கொண்டு, கத்தரியும் வெண்டையும் பயிரிட்டு ஊரில் வாழ்ந்தார். அவள் தன் கடையோடு நகரில் வாழ்ந்தாள். காய் பறித்த நாளில் பையை நிரப்பிக்கொண்டு அவர் வருவார். அவள் அவித்த இட்டலியை உண்பார். பொழுது சாய்வதற்குள் கிளம்பிவிடுவார். மாலைதோறும் கைபேசியில் பேசிக்கொள்வர். முதலில் ஒவ்வொரு பேச்சின் முடிவிலும், வாரியா என்று அவர் கேட்பதும், இப்போது வேண்டாம் என்று அவள் சொல்வதும் வழக்கமாயிருந்தது. சொல்லிவிட்டாளேயொழிய, கேட்கிறாரே என்னும் நிறைவு அவளுக்குள் இருந்தது. பிறகு ஒருநாள் அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

அது அவளை உறுத்தியது. பொங்கல் நெருங்கியபோது மனம் கேட்காமல், வரட்டுமா என்று அவளே கேட்டுவிட்டாள். எவ்வளவு பெரிய இறக்கம் அது! அவரோ, "இப்ப வேணாம் புள்ள, ஒரே சகதியாக் கெடக்கு. நானே சொல்றேன், அப்ப வா," என்று சொல்லிப் பேச்சை மாற்றினார். தான் இல்லாமல் வாழ அவர் பழகிவிட்டார் என்று அவள் முடிவு கட்டினாள். ஊருக்குக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார் என்று பூக்காரியிடம் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொன்னதால் பூக்காரியும் சிரித்தாள்.

ஆனித் திங்களில் ஒரு காலைப்பொழுது. கடையில் கூட்டம் நின்றிருக்க, ஆவாரங்கண்மாயிலிருந்து காளை அழைத்தான். கீழத்தெருக்காரன், சின்னக்கருப்பனுக்குத் தம்பி முறை. அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றும், பிறகு எழவில்லை என்றும் அவன் சொன்னான். அடுப்பில் இட்டலி வெந்துகொண்டிருந்தது. அதைப் பூக்காரியிடம் ஒப்படைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பேருந்து ஏறினாள் மலையம்மாள். நகர் முடிந்ததா, நாகமலை போயிற்றா, அவள் ஒன்றும் அறிந்தாளில்லை. ஆனால், இனியோரே, உள்ளத்தின் கொடுமையைக் கேளுங்கள். அழுதுகொண்டிருந்த அந்நிலையிலும், மேலத்தெரு முக்கு வருமே, அங்கே கால் நிற்குமே என்னும் நினைவு அவளை விடவில்லை. இப்போதும் அதையா நினைக்கிறாய் என்று தன்னையே கடிந்துகொண்டாள்.

பேருந்து அந்த முக்கை அடையுமுன்பே, சாலையோரம் நின்ற காளை கைகாட்டி நிறுத்தினான்.

"இங்கனயே எறங்குங்க, மதினி. மேலத்தெரு வழி வேணாம். அண்ணே உங்களுக்கு வழி போட்டு வச்சிருக்காரு."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இறங்கிப் பார்த்தாள். ஆழமான அந்த வாய்க்காலின்மேல் ஒரு சிறு பாலம் நின்றது. பாலத்திலிருந்து கீழத்தெரு வரைக்கும், மண் கொட்டி மேடாக்கி, சரளை பரப்பி, இருவர் இணைந்து நடக்கும் அகலத்தில் ஒரு பாதை ஓடிற்று. ஓராண்டாக அண்ணன் இதே வேலையாய் இருந்தார் என்று நடந்துகொண்டே சொன்னான் காளை. பாலத்துக்கு இசைவு வாங்க அலைந்தாராம். கூலியாள் வராத நாளில் தாமே மண் சுமந்தாராம். முடியும்வரை மதினியிடம் மூச்சுவிடக் கூடாது என்று தெருவுக்கே கட்டளையாம். ஒருபக்கக் கைப்பிடிச் சுவர் மட்டுந்தான் எஞ்சியிருந்தது. அன்று விடியுமுன்பே அதற்குத்தான் சாந்து குழைத்துக்கொண்டிருந்தாராம்.

பாலத்தருகே நடப்பட்டிருந்த கம்பத்தில் ஒரு விளக்கு, பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. இரவெல்லாம் எரியவிட்டு விடிந்ததும் அணைப்பது சின்னக்கருப்பனின் வழக்கம். வெயிலேறியும் அதை அணைக்க எவருக்கும் தோன்றவில்லை.

மலையம்மாள் நடந்தாள். சரளைமேல் அவள் செருப்பு ஒலித்தது. அந்த முக்கு வரவில்லை. அவள் கால் எங்கும் நிற்கவில்லை. அந்த ஊரில் செருப்பணிந்த காலோடு, தலை தாழாமல், தன் வீட்டு வாயிலை அவள் அடைந்தது அதுவே முதல்முறை. அதைக் காண வேண்டியவர் கண்மூடிக் கிடந்தார். வாயிலில் நின்று, ஒருவரும் சொல்லாமல், அவளாகவே செருப்பைக் கழற்றினாள்.

உள்ளே வந்தவள் முதலில் அழவில்லை. அந்த விளக்குக்குச் சுவிட்சு எங்கே இருக்கிறது என்று கேட்டாள். காளை காட்டினான். போய் அணைத்துவிட்டு வந்து அவர் காலடியில் அமர்ந்தாள். அவர் பாதங்களில் காலையில் குழைத்த சாந்து ஒட்டியிருந்தது. முந்தானையால் துடைத்தாள். இறுகிவிட்டிருந்தது, போகவில்லை. அப்போதுதான் அவள் உடைந்தாள்.

"சகதியிலயே கூப்பிட்டிருந்தாலும் வந்திருப்பேனே. ஏன் சொல்லாம விட்டீக?"

வந்திருப்பாளா? நான் அறியேன். அவளும் அறியாள். அவர் வாயால் இன்னும் ஒருமுறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். அந்த ஒருமுறையைத்தான் அவர், பாதை முடியட்டும், பாதை முடியட்டும் என்று தள்ளி வைத்துக்கொண்டே போனார். அன்பில் இப்படியும் ஒரு பிழை உண்டு.

பிள்ளைகள் வந்து சேர்ந்ததும், மாலையில் சின்னக்கருப்பனின் பாடை, அவர் விரும்பியபடியே, அவர் மண்ணின் வழியாகப் போயிற்று. ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை. கால் இடறவில்லை, பாடை சாயவில்லை. பெண்கள் நின்றுவிடும் எல்லையில் மலையம்மாளும் நின்று, பாடை மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டிய முறைகளெல்லாம் முடிந்தபின், அந்த வீட்டிலேயே இருந்துவிடும்படி உறவினர் சொன்னார்கள். அவள் இசையவில்லை, நகருக்கே திரும்பினாள். இவ்வளவு செய்தவருக்காக இங்கே இருக்கக் கூடாதா, கல்நெஞ்சுக்காரி என்று சிலர் பேசினர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வந்து இருப்பதற்கு அங்கே ஒருவர் வேண்டும். பாதை மட்டும் போதாது. கட்டாமல் நின்ற கைப்பிடிச் சுவரைக் காளையை வைத்து அவள் கட்டி முடித்தாள். இன்று கீழத்தெருப் பிள்ளைகள் அவ்வழியே பள்ளிக்குப் போகின்றனர்; புதுமணப் பெண்கள் அவ்வழியே வருகின்றனர். அந்தியில் காளை விளக்கை ஏற்றுகிறான். விடிந்ததும் மறவாமல் அணைக்கிறான்.

நகர் இனிதா, சிற்றூர் இனிதா என்று மேடை போட்டு வழக்காடுவோர் வழக்காடட்டும். மலையம்மாளுக்குத் தலைநிமிர்ந்து நடக்க மதுரையில் இடமிருந்தது. சின்னக்கருப்பனுக்குத் தலைநிமிர்ந்து சாக ஆவாரங்கண்மாயில் இடம் வேண்டியிருந்தது. இருவரில் எவரையும் குறைசொல்ல எனக்கு நாவெழவில்லை. ஆண்டுதோறும் அவர் மறைந்த நாளன்று அவள் தன் கையால் அவித்த இட்டலியைத் தூக்குப்பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு அந்தப் பேருந்தில் வந்து இறங்குகிறாள். செருப்பணிந்த காலோடு நடக்கிறாள். பாலத்தின் நடுவே வந்ததும் அவள் கால் தானாக நின்றுவிடுகிறது. எவரும் நிற்கச் சொல்வதில்லை.