வூட்டுக்குத் தூரம்

...சோதனை முடிவைப் பார்த்துப் புற்று இல்லை, வெறும் சதைதான் என்று டாக்டரம்மா சொன்னதும் கையெடுத்துக் கும்பிட்டிருக்க வேண்டும், அழவாவது செய்திருக்க வேண்டும், நிர்மலாதேவிக்குக் கொட்டாவிதான் வந்தது. மொரப்பூர் பஸ், ஜன்னலோர சீட், கண்ணை மூடினால் போன வாரத்து ஆஸ்பத்திரி அறை... கர்ப்பப்பை வாயில் காம்போடு தொங்கிய சதையை டாக்டரம்மா இடுக்கியால் பிடித்துத் திருகி எடுத்துவிட்டாள், பெரிதாக வலிக்கக்கூட இல்லை, இதற்கா இத்தனை மாதம் பயந்தாய்? 'பாலிப்னு பேரும்மா. நடுநடுவுல ரத்தம் பட்டது இதனாலதான். இனிமே பட்டா உடனே வரணும். தூரம்னு நீங்களே முடிவு பண்ணிட்டு உக்காந்துடக் கூடாது.'

நானா முடிவு பண்ணினேன்? சேலைக் கறையை முதலில் பார்த்தது மாமியார் தீர்த்தம்மாள், அடுப்பாண்ட வராத, ஒதுங்கு என்றாள், ஒதுங்கினேன். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறை, ஒரு பாய், ஒரு தட்டு. தலைக்கு ஊற்றி உள்ளே வந்தால் மறுபடி கறை, மறுபடி அறை. 'மாசத்துல எத்தன தடவடி தூரமாவ, உனக்கு மட்டும் தனியா காலண்டர் அடிச்சாங்களா?' திட்டட்டும். விடியலில் யாரும் எழுப்பவில்லை, ராத்திரி கணவன் மாதவராஜ் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கிடைக்காத தூக்கம்... புற்றாக இருக்குமோ என்று நடுங்கிக்கொண்டே படுத்தாலும் தூக்கம் வந்ததே, எப்படி வந்தது?

போன் அடித்தது. மாமியார்.

'ஏ நிர்மலா, என்னா சொன்னாங்க?'

'பயப்பட ஒண்ணுமில்லீங்களாம் அத்த. வெறும் சததானாம்.'

'மாரியாத்தா காப்பாத்துனா! அப்ப இனிமே நடுவுல தூரம் இல்லல்ல? நாளைக்கு மஞ்சள் வெட்ட ஆளு வராங்க, விடியறதுக்குள்ள சோறாக்கிப்புடு.'

சரிங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். 'இல்லீங்க அத்த... இன்னும் கொஞ்ச நாளைக்கு அப்பப்ப படும்னு சொன்னாங்க.'

'என்ன வைத்தியமோ போ' என்று போன் கட்டானது. யோசிக்கவே இல்லையே, பொய் எங்கிருந்து வந்தது? சரி, வந்தது வந்துவிட்டது, இன்றைக்குப் பாய் உண்டு, தூக்கம் உண்டு, ஆனால் நிஜமாகவே மறுபடி பட்டால்? இந்தப் பொய்யை வைத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும் என்று எப்படிக் கேட்பாய்? படக்கூடாது, படவே கூடாது என்று சாமியை வேண்டிக்கொள்ளப் பார்த்தாள், பஸ் ஊருக்குள் திரும்பிய பிறகும் முயன்றுகொண்டிருந்தாள்... வேண்டுதல் மனதிலிருந்து வரவேயில்லை.