ஆள் இருந்தால் எரியும் விளக்கு

பட்டியலில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சம் பெயர்கள் இருந்தன. அதில் ஒன்று அவனுடைய அத்தானின் பெயர்.

இரண்டு வருடமாக விளையாட்டுக்குள் வராதவர்களின் கணக்குகளை அழிக்கிற நிரல் அது. மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஓடவேண்டும். எழுதியவன் அவன்தான். விளையாட்டு ஒன்றும் பிரமாதமில்லை. ஆளுக்கொரு வீடு, சுற்றிலும் தோட்டம். செடி வைக்கலாம், கோழி வளர்க்கலாம், பக்கத்து வீட்டுக்குப் போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வரலாம். துப்பாக்கி இல்லை, சண்டை இல்லை. "தோற்க முடியாத விளையாட்டு விளையாட்டே இல்லை" என்று அவனே தன் வலைப்பதிவில் எழுதியிருக்கிறான். மாதச் சம்பளம் மட்டும் அதே விளையாட்டிலிருந்துதான் வருகிறது.

எதைப் பற்றியும் அவனுக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. புதுக் கைபேசி வாங்க வரிசையில் நிற்பவர்கள் பற்றி, குழந்தைக்குப் பெயர் வைக்க இயந்திரத்திடம் யோசனை கேட்பவர்கள் பற்றி, படம் எடுத்துத் தள்ளிவிட்டுத் திரும்பிப் பார்க்காத சமூகம் பற்றி. அலுவலகத்தில் அவனுக்கு வைத்த பெயர் 'தீர்ப்பு'. கேட்டால் கோபப்படுவான், உள்ளுக்குள் பிடிக்கும். எழுதிப் போட்ட அரைமணி நேரத்துக்குள் முதல் இதயக் குறி அக்காவிடமிருந்து வந்துவிடும். படிக்கிறாளோ இல்லையோ, தம்பி எழுதியது என்றால் அவளுக்கு வேதவாக்கு.

போன மாதம் எழுதியது செத்தவர்களின் கணக்குகள் பற்றி. ஞாபகம் மனசில் இருக்கவேண்டும், சர்வரில் இல்லை என்று முடித்திருந்தான். அதற்கும் அக்காதான் முதல் இதயம் போட்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போனபோது, துணி மடித்துக்கொண்டே சொன்னாள்.

"நீ எழுதினது சரிதான்டா. வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறோம்?"

"நீ இன்னும் அந்தத் தோட்டம் விளையாடுறியாக்கா?"

"அதெல்லாம் எப்பவோ எடுத்துட்டேன்."

சொல்லும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவனும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இப்போது அத்தான் கணக்கின் பதிவேடு திரையில் விரிந்து கிடந்தது. கடைசியாக உள்ளே வந்த நாள், நெஞ்சுவலியில் அவர் போவதற்கு முந்தின மாலை. அதற்குக் கீழே, வீட்டுக்கு வந்துபோன அக்கம்பக்கத்தாரின் வரிசை. ஒரே பெயர், அக்காவின் பெயர். தினமும் சாயங்காலம் ஒரு தடவை. அவள் காய்ச்சலில் படுத்த வாரம்கூட விடவில்லை. அவன் உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தது. எழுநூறு வரிக்கு மேல். தம்பி கேலி செய்வானே என்று தம்பியிடமே மறைத்திருக்கிறாள். பாவி, அவளைப் பொய் சொல்ல வைத்துவிட்டேனே என்று நினைத்துக்கொண்டான்.

வீட்டுக்காரர் வந்தாரா என்று மட்டும்தான் அவன் நிரல் கேட்கும். வீட்டுக்கு யாராவது வந்தார்களா என்று கேட்காது. கேட்கவேண்டும் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. மற்ற நாற்பத்தோராயிரத்தில் இப்படி எத்தனை வீடு என்று பார்க்க ஒரே ஒரு வரி அடித்தால் போதும். விரலை விசைப்பலகைக்குக் கொண்டுபோனான், எடுத்துக்கொண்டான்.

மேலாளரம்மா கைப்பையை மூடிக்கொண்டிருந்தார்.

"ஒரே ஒரு கணக்குக்கு மட்டும் விலக்கு வேணும்."

"விலக்கே கூடாதுன்னு கூட்டத்துல ஒத்தக்கால்ல நின்னது நீதானேப்பா? இறந்தவங்க கணக்கு இருந்தா என்ன பண்றதுன்னு கேட்டேன். என்ன சொன்ன?"

செத்தவங்க வந்து கேக்கப் போறதில்லை என்று சொல்லியிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். அவனும்தான் சிரித்தான்.

"காரணம் எழுதிக் குடு. காலையில மேல அனுப்பிப் பார்க்கிறேன்" என்றுவிட்டு அவர் கிளம்பினார்.

காரணம் எழுத அவனுக்குக் கை வரவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்தாகிவிட்டது. தன் வீட்டுக்கு மட்டும் விலக்கு என்று எந்த முகத்தோடு எழுதுவது? அதைவிடச் சுலபமான வழி இருந்தது. அத்தான் பெயரில் ஒரு தடவை உள்ளே போய் வந்தால் போதும், தேதி மாறிவிடும், பட்டியலிலிருந்து பெயர் தானாக விழுந்துவிடும். கடவுச்சொல் அவனுக்குத் தெரியும். அக்காவை வீட்டில் கூப்பிடுகிற செல்லப்பெயரும் கல்யாணமான வருடமும்.

"கழுதைகூடக் கண்டுபிடிச்சிடும் அத்தான்" என்று அப்போதே திட்டியிருக்கிறான்.

"கண்டுபிடிச்சு என்னப்பா பண்ணுவான், என் தக்காளியத் திருடுவானா?" என்றார் அவர்.

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. மணி என்ன என்று அவன் பார்க்கவில்லை. சொல்லை அடித்தான், உள்ளே போனான்.

தோட்டம் பச்சென்று இருந்தது. இரண்டு வருடம் ஆள் இல்லாத இடத்தில் முள்தான் மண்டிக் கிடக்கும், அப்படித்தான் அவர்கள் வடிவமைத்திருந்தார்கள். இங்கே ஒரு களை இல்லை. தக்காளி வரிசை வரிசையாகப் பழுத்து நின்றது. வேலிப் படலுக்குப் பக்கத்தில், கையில் தண்ணீர்வாளியோடு, மஞ்சள் உடுப்பில் ஒரு சின்னப் பொம்மை நின்றது. அக்கா.

பொம்மை அசையாமல் நின்றது. வீட்டு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரர் உள்ளே இருந்தால் ஜன்னலில் விளக்கு எரியட்டும், பார்க்க நன்றாயிருக்கும் என்று ஆறு வருடத்துக்கு முன்னால் யோசனை சொன்னவன் அவன்தான். பத்து நிமிடம் ஆள் அசையாமலிருந்தால் அணைந்துவிடட்டும் என்றதும் அவன்தான்.

திரையின் அடியில், அக்காவின் பெயருக்குக் கீழே, ஒரு சொல் வந்து விழுந்தது.

"என்னங்க"

அவன் "அக்கா, நான்தான்" என்று அடித்தான். அனுப்பும் முன் பார்த்தான். அதற்கு மேலே அத்தானின் பெயர் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாக அழித்தான். வெளியேறிவிடலாம். ஒரு சொடுக்கு. அவள் கண்ணெதிரே விளக்கு அணையும், அவ்வளவுதான். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளிடம் போய்ச் சொன்னதும் அவன்தான். மறுபடியும் அதைச் செய்ய அவனால் முடியவில்லை.

செடிக்காவது தண்ணீர் ஊற்றலாம் என்று வாளியைத் தேடினான். எல்லாப் பாத்தியும் ஏற்கெனவே ஈரமாக இருந்தது.

"நான் ஊத்திட்டேன்" என்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சும்மா இருங்க."

மஞ்சள் பொம்மை வாளியை இறக்கி வைத்துவிட்டு வாசல் படியில் உட்கார்ந்தது.

அலுவலகத்தில் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். "தீர்ப்பு, வரலியா?" என்று யாரோ கேட்டார்கள். அவன் திரும்பவில்லை. ஒன்பது நிமிடம் ஆனதும் அத்தானின் பொம்மையை ஜன்னலிலிருந்து கதவு வரைக்கும் இரண்டு அடி நடத்தினான். பிறகு கதவிலிருந்து ஜன்னலுக்கு. படியில் இருந்தவள் எழுந்திருக்கவில்லை. மேலே விளக்கு எரிந்துகொண்டிருந்தது.